வலப்பக்கப் பலகையில் ஒரு கை

ரானுயியில் அந்த வீட்டைத் தேட வேண்டியே இருக்கவில்லை. வீட்டுச் சாமான் பாதி முற்றத்தில் கிடந்தது. மே மாதத்துச் சனிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. ஒக்லாந்தில் மே மாதத்துக்கு வேறு என்ன வேலை? மகேசன் வாடகை வானை ஓரமாக நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். ரதிதேவி மடியில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

"இறங்கும், ரதி. பாத்திட்டுப் பிடிக்காட்டி விட்டிட்டுப் போவம்."

"எனக்குப் பிடிச்சிட்டுது. விளம்பரப் படத்திலயே பிடிச்சிட்டுது."

போன செப்டம்பருக்குப் பிறகு அவள் வாயில் அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். அலமாரி என்ன, ஆனையைக் கேட்டிருந்தாலும் மகேசன் வான் பிடித்துக்கொண்டு போயிருப்பான்.

செப்டம்பரில்தான் லோஜனா போனாள். ஒரே பிள்ளை, ஆறு வயது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தலையிடிக்குது என்று படுத்தவள், ஞாயிறு விடியும்போது இல்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ரதிதேவி பாலர் நிலைய ஆசிரியை; சின்னப் பிள்ளைகளின் சிரிப்பைக் கேட்க முடியாமல் வேலையை விட்டாள். மகேசன் தண்ணீர்க் குழாய்களுக்குத் திட்டம் வரைகிற பொறியியலாளன். அவன் வேலையை விடவில்லை. அதுதான் அவனை நிற்க வைத்திருந்தது.

சாம்பல் ஒரு சின்னச் செம்புக்குள் இருந்தது. கடலில் கரைத்து விடுங்கோ, எல்லாக் கடலும் ஒன்றுதான் என்று ஐயர் அப்போதே சொன்னார். ரதிதேவி கேட்டால்தானே! இந்தக் குளிர்த் தண்ணியில் பிள்ளையை விடமாட்டேன், யாழ்ப்பாணத்தில் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோவேன் என்றாள். சரி, போவம் என்றால் அதற்கும் நாள் குறிக்க விடமாட்டாள். சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர் எல்லாரும் போனில் பயமுறுத்தியதால் செம்பு கராஜில் இருந்தது. குளிர் தொடங்கியதும் அவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பிள்ளை கராஜில் விறைக்கிறாள், அவளின் உடுப்புகளோடு வீட்டுக்குள் வைக்க நல்ல அலமாரி ஒன்று வேண்டும் என்றாள். அப்படித்தான் ரானுயிக்கு வந்தார்கள்.

வீட்டுக்காரி ஜில் டென்பி. ஐம்பது வயது இருக்கும். மகளோடு ஓஸ்ட்ரேலியாவுக்குப் போய்விடப் போகிறாள் என்று, கதவைத் திறந்த உடனேயே சொல்லிவிட்டாள். அலமாரி பின்னறையில் தனியாக நின்றது. இந்த நாட்டுக் கவுரி மரம், தேன் நிறம். கதவுகள் முழுக்கப் பெரணி இலைகள், ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியாக, நுனியில் சுருண்ட தளிரோடு. மகேசன் வரைபடக்காரன். எந்தக் கோட்டைப் பார்த்தாலும் பிசகு இருக்கிறதா என்று கண் தன்பாட்டில் தேடும். தேடித் தேடி ஒன்றும் அகப்படவில்லை.

"என் அம்மா வழி முன்னோர் ஒருவர் செய்தது," என்றாள் ஜில். "டோபியாஸ் என்று பேர். வெள்ளைக்காரர் இங்கே கப்பலில் வந்து இறங்கிய தொடக்ககாலத்து ஆள். ஒரு ஆணி கிடையாது. எல்லாம் பொருத்துத்தான்."

ரதிதேவி கதவைத் திறந்தாள். உள்ளே, இடப்பக்கப் பலகையில், கைகள் இருந்தன.

மரத்துக்குள் குழிவாகச் செதுக்கிய உள்ளங்கைகள். விரல் மடிப்பு, ரேகை எல்லாம் தெரிந்தது. அடியில் ஒரு சின்னக் கை, அதற்குச் சற்று மேலே கொஞ்சம் பெரிய கை, அப்படியே ஏறி ஏறி மகேசனின் தோளுயரத்தில் ஒரு வளர்ந்த பெண்ணின் கை. அதோடு நின்றது. வலப்பக்கப் பலகையில் ஒன்றுமே இல்லை.

"இது என்ன, அலங்காரமா?" என்று மகேசன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று ஜில் திருப்பிக் கேட்டாள்.

இருக்கு என்றால் எத்தனை வயது என்பார்கள். இருந்தது என்றால் முகம் கறுத்துவிடும், பிறகு அவர்களை நாம்தான் தேற்ற வேண்டும். மகேசனுக்கு அன்று அதற்குத் தெம்பில்லை.

"இல்லை," என்றான்.

"அப்படியென்றால் சரி," என்று ஜில் மூச்சை விட்டாள். அந்த மூச்சைப் பற்றி அவன் அப்போது யோசிக்கவில்லை.

காசைக் கொடுத்து அலமாரியை வானில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஏவன்டேல் தாண்டியதும் ரதிதேவி, "இல்லை எண்டு சொல்லிட்டீங்கள், என்னப்பா?" என்றாள். மகேசன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

பிளாக்ஹவுஸ் பேயில் அவர்களுடைய வீட்டில், லோஜனாவின் அறையில் அலமாரியை வைத்தார்கள். ரதிதேவி சட்டைகளை மடித்து அடுக்கினாள். பள்ளிக்கூடப் பை, மழைச் சப்பாத்து. நடுத்தட்டில் செம்பு. அன்று இரவு அவள் தூங்கினாள், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

சத்தம் ஜூனில் தொடங்கியது.

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற காலம். மகேசன் குசினி மேசையில் கணினியோடு இருந்தான். வெளியே மழை. உள்ளே, எங்கேயோ சுவருக்கு அந்தப் பக்கம், டொக்... டொக்... டொக். குழாயாக இருக்கும் என்று நினைத்தான். குழாய்க்காரனுக்குக் குழாய்தானே முதலில் நினைவு வரும். எழுந்து தண்ணீரை நிறுத்திப் பார்த்தான். சத்தம் நிற்கவில்லை. அவசரமே இல்லாத சத்தம். மூன்று தட்டு, பிறகு ஒரு இடைவெளி, பிறகு யாரோ மெல்ல ஊதுவது போல ஒரு மூச்சு.

மரத்தூளை ஊதுகிற மூச்சு.

லோஜனாவின் அறைக் கதவைத் திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது. அறைக்குள் மணம் நிறைந்திருந்தது. அப்போதுதான் அறுத்த மரத்தின் பச்சைப் பிசின் மணம். அந்த அலமாரி மரத்தை வெட்டி நூற்றைம்பது வருடத்துக்கு மேலிருக்கும். அதற்கு எங்கிருந்து பச்சை மணம் வரும்? மகேசன் லைற்றைப் போட்டுவிட்டு நின்றான். ஒன்றுமில்லை. போய்ப் பழையபடி வேலையைப் பார்த்தான்.

சில நாள் கழித்து, பட்டப் பகலில், ரதிதேவி கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்கோவன்."

அவள் அலமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். மடியில் மரச்சீவல்கள். மெல்லியவை, சுருண்டவை, வெளிச்சம் ஊடுருவுகிறவை. கீழே சட்டைகளின் மேலும் சிந்தியிருந்தன.

"வலப்பக்கம் பாருங்கோ," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வெறும் பலகையில் ஒரு கை இருந்தது.

சின்னக் கை. மரம் அந்த இடத்தில் மட்டும் புதிதாக, வெளிறிப்போய் இருந்தது. யாராவது வீட்டுக்குள் வந்து போயிருக்கிறார்களா, கதவு பூட்டியிருந்ததா என்று மகேசன் எதையெதையோ கேட்டான். ரதிதேவி அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை.

"சின்ன விரலைப் பாருங்கோ."

சின்ன விரல் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்தது. விளையாட்டுத் திடலில் கம்பியில் தொங்கி விழுந்து முறித்துக்கொண்ட விரல். கட்டவிழ்த்த பிறகும் நேராகவில்லை. லோஜனா அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்படுவாள்.

ரதிதேவி தன் உள்ளங்கையை அந்தக் குழிக்குள் வைத்தாள். கண்ணை மூடினாள். "சூடாயிருக்கு அப்பா," என்றாள்.

மகேசன் தொடவில்லை. தொட்டால் தானும் அந்த இடத்தை விட்டு எழமாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ரதிதேவி மாறிப்போனாள். சமைத்தாள், குளித்துத் தலை இழுத்தாள், கடைக்குப் போனாள். பார்த்தவர்கள், "ரதி தேறிட்டா" என்றார்கள். மகேசனுக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் மழைக்கால மாலைகளில் அவள் அந்த அறையில் இருந்து அலமாரிக்குள் தலையை வைத்துக் குசுகுசுத்துக்கொண்டே இருப்பாள். அவன் வாசலில் வந்து நின்றால் நிறுத்திவிடுவாள். அவனைப் பார்க்கிற பார்வையில் கோபம் இல்லை. வெளி ஆள் வந்துவிட்டாரே என்கிற பார்வை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஜூலையில் லோஜனாவின் பிறந்தநாள் வந்தது. இருந்திருந்தால் ஏழு. மகேசன் வேலையால் வரும்போதே டொக்... டொக் என்று வாசலுக்குக் கேட்டது. நனைந்த சப்பாத்தைக் கழற்றாமல் ஓடினான். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. ரதிதேவி முன்னால் முழங்காலில் நின்று, சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் கைக்கு மேலே இரண்டாவது கை.

கொஞ்சம் பெரிது. கொஞ்சம் உயரத்தில்.

"வளந்திட்டாள்!" என்றாள் ரதிதேவி. "பாருங்கோப்பா, எங்கட பிள்ளை வளந்திட்டாள்!"

மகேசனின் கண் இடப்பக்கப் பலகைக்குப் போனது. கீழிருந்து மேலே ஏறுகிற அந்தக் கைகள். சின்னக் கை, பெரிய கை, குமரியின் கை. அவை அலங்காரமில்லை என்று அப்போது விளங்கியது.

மறுநாள் வேலைத்தலத்துக் கார்த் தரிப்பிடத்தில் இருந்து ஜில்லுக்குப் போன் எடுத்தான். அவள் ஓஸ்ட்ரேலியாவில் இருந்தாள். பின்னணியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"எனக்கு ஒரு மகள் இருந்தாள்," என்றான் மகேசன். "அன்றைக்குக் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம். குழந்தையின் அழுகை அடங்கியது.

"அவளுடைய பொருள் ஏதாவது அதற்குள் வைத்தீர்களா?"

"எல்லாம் வைத்தோம். அவளையே வைத்தோம்."

"ஐயோ கடவுளே," என்றாள் ஜில்.

அந்தக் காலத்தில் மேசை செய்கிறவன்தான் சவப்பெட்டியும் செய்வான் என்று அவள் சொன்னாள். ஊரில் யார் செத்தாலும் டோபியாஸிடம்தான் வருவார்கள். அவருடைய சொந்த மகள் எஸ்தர் நான்கு வயதில் செத்தாள். அவளுக்கும் அவர்தான் பெட்டி செய்தார். பெட்டிக்குப் போக மிஞ்சிய பலகையில் இந்த அலமாரியைச் செய்தார். பிறகு வருடாவருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு, இருந்திருந்தால் கை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்து ஒரு கை செதுக்கினார். சாகும்வரை விடவில்லை.

"எங்கள் குடும்பத்தில் இதை அன்பு என்றுதான் சொல்லிக்கொண்டோம்," என்றாள் ஜில். "என் அம்மா மட்டும் அப்படிச் சொல்லமாட்டாள். சின்ன வயதில் அவள் அலமாரி நின்ற அறையில்தான் படுத்தாள். உள்ளே ஒரு பெண் வெளியே விடச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பாளாம். சண்டை போட்டு இல்லை. மரியாதையாக, திரும்பத் திரும்ப. மிஸ்டர் மகேசன், அந்த மனிதர் எஸ்தரைப் போக விடவே இல்லை. அவள் அந்த இருட்டுக்குள்ளேயே வளர்ந்தாள்."

மகேசன் லீவு சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு ஓட்டினான். வழியெல்லாம் அழுதான். வீட்டில் ரதிதேவி இல்லை, கடைக்குப் போயிருந்தாள். அவன் அலமாரியைத் திறந்துவிட்டு அதன் முன்னால் இருந்தான். இவ்வளவு நாளும் தொடாத அந்த வலப்பக்கப் பலகையில் காதை வைத்தான்.

மரம் குளிர்ந்திருந்தது.

முதலில் மழைதான் கேட்டது.

பிறகு, காதுக்கு மிக அருகில், பலகையின் மறுபக்கத்தில் இருந்து, பந்தியில் சாப்பிட்டு முடித்த பிள்ளை எழும்பக் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"அப்பா... கேன் ஐ கோ நவ்?"

இந்த ஊரில் பிறந்த பிள்ளை. தமிழில் கேட்டால் விளங்கும், பதில் மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"ப்ளீஸ், அப்பா?"

பின்னால் கடைப்பை விழுந்தது. ரதிதேவி வாசலில் நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரதி, உள்ளுக்க... பிள்ளை கேக்கிறாள்... போகட்டோ எண்டு..."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"ஒவ்வொரு நாளும்தான் கேக்கிறாள்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தாள். "முதல் நாளில இருந்து கேக்கிறாள். நான்தான், கொஞ்சம் இரு ராசாத்தி, இன்னும் கொஞ்சம் இரு எண்டு சொல்லிச் சொல்லி வச்சிருக்கிறன். நல்ல பிள்ளை, சொன்னாக் கேப்பாள். உங்களுக்குத் தெரியுந்தானே, அவள் அடம்பிடிக்கிற பிள்ளையே?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிலத்தில் கிடந்து அழுதார்கள். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. அங்கே ஆட்கள் இருந்தார்கள், தேத்தண்ணி கொடுக்க வேண்டும், வந்தவர்களை விசாரிக்க வேண்டும். இங்கே அவர்கள் மட்டும்தான். அழுகைக்கு நடுவே மகேசன், ஜில் சொன்ன டோபியாஸின் கதையை அவளுக்குச் சொன்னான்.

ஐயருக்குப் போன் எடுத்தது ரதிதேவிதான். இண்டைக்கே கரைக்கலாமோ என்று கேட்டாள். தாராளமாக என்றார் ஐயர். "கரைச்சுப்போட்டு வரேக்க மட்டும் திரும்பிப் பாக்கக்கூடாது, பிள்ளை. பாத்தால், வா எண்டு கூப்பிட்ட மாதிரி. அது பிறகு போகாது."

செம்பை எடுக்கப் போனால் கதவு திறக்கவில்லை. சற்றுமுன் திறந்து கிடந்த கதவு, யாரும் சாத்தாமலே சாத்தியிருந்தது. மகேசன் இழுத்தான். மாரியில் மரம் ஊதுவது உண்மைதான், ஆனால் இது ஊதின இறுக்கமில்லை. அவன் இழுக்க, உள்ளே யாரோ இழுத்தார்கள். நிதானமான, பழக்கப்பட்ட கை. பிசின் மணம் மூக்கை அடைத்தது.

டொக்.

டொக். டொக்.

உள்ளே உளி விழத் தொடங்கிவிட்டது. வேகமாக. மூன்றாவது கை.

ரதிதேவி மகேசனை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். கதவில் செதுக்கியிருந்த பெரணித் தளிரில் நெற்றியை வைத்தாள். செத்துப்போன அந்த வெள்ளைக்காரனோடு சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கதைத்தாள்.

"ஐயா, நீங்கள் செய்தது பிழையெண்டு சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதைத்தான் செய்தனான். உங்கட பிள்ளையை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. என்ர பிள்ளை போகக் கேக்கிறாள். விடுங்கோ ஐயா."

உளி நின்றது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவு தானாக ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. உள்ளே இருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவ்வளவு துக்கமான மூச்சை மகேசன் அதற்கு முன் கேட்டதில்லை.

கடற்கரைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. வற்றுப்பெருக்கு மாறுகிற நேரம். தண்ணீர் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நாயோடு நடந்த ஒரு கிழவரைத் தவிர ஆளில்லை. ரதிதேவி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிச் செம்பைச் சரித்தாள். வழக்கம்போல "போட்டு வா" என்று திரும்பிவரச் சொல்லக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "போ, ராசாத்தி," என்று மட்டும் சொன்னாள். சாம்பல் சாம்பல்நிறத் தண்ணீரோடு கலந்து கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று தெரியாமல் போயிற்று.

அவள் திரும்பினாள். நேரே காரைப் பார்த்து நடந்தாள். தோள் குலுங்கியது, ஆனால் கழுத்து அசையவில்லை. மகேசன் பின்னால் நடந்தான்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு வரும்போது, ஒவ்வொரு நாள் காலையிலும், ஒருதரம் அவன் திரும்பிப் பார்ப்பான். லோஜனா அதற்காகவே படலைக்குள் நின்று காத்திருப்பாள். அவன் பார்த்தால் கை காட்டிவிட்டு ஓடுவாள். பார்க்காமல் போன ஒரே ஒரு நாளில் வகுப்புக்குப் போகாமல் அங்கேயே நின்று அழுதிருக்கிறாள்.

நிற்கிறாளோ? பார்க்காமல் போகிறேன் என்று நினைத்து நிற்கிறாளோ?

மகேசன் திரும்பிப் பார்த்தான்.

ஒன்றுமில்லை. தண்ணீர்தான். வெறும் தண்ணீர்.

அவன் ஓடிப்போய் மனைவியைப் பிடித்தான். அவள் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் காருக்குள் ஏறினார்கள். கால் நனைந்து விறைத்திருந்தது, ஹீற்றரைப் போட்டான். இரண்டு பேரும் பெல்ட்டைப் போட்டார்கள். ஸ்டார்ட் பண்ணிக் காரை மெதுவாக உருட்டினான்.

பீப்.

பீப். பீப்.

மகேசன் தன் பெல்ட்டைப் பார்த்தான். மனைவியின் பெல்ட்டைப் பார்த்தான். பிறகு, முன்னால் சிவப்பாக மின்னிய சின்ன விளக்கைப் பார்த்தான். பின் சீற். இடப்பக்கம். யாரோ ஏறி இருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை.

ரதிதேவியும் அந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"திரும்பிப் பாத்தனீங்கள், என்னப்பா?"

மகேசன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் கோபிப்பாள் என்று நினைத்தான். அடிப்பாள் என்றுகூட நினைத்தான். அவள் ஈரக் கையால் அவன் முதுகைத் தடவினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். பீப் சத்தம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் கண்ணைத் துடைத்தாள். பின்னால் திரும்பாமல், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிற காலை வேளைகளில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"பெல்ட்டைப் போடு, பிள்ளை. அப்பா கார் எடுக்கப் போறார்."

பின்னால் கிளிக் என்றது. சத்தம் நின்றது.